எல்லோர் வீட்டிலும் அழுத பாட்டு

என் வீட்டுக்காரர் இறந்த அன்று ஊரே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தது. நான் பாட்டுக் கட்டிப் பாடுகிறவள். அடுத்தவர் வீட்டுச் சாவிலெல்லாம் ஸ்பீக்கரில் அழுகிறவள், சொந்தப் புருசனுக்கு எப்படிப் பாடப்போகிறாளோ என்று காத்திருந்தார்கள். எனக்கும் அந்தக் கவலைதான் இருந்தது. அவருக்கென்று ஒரு வரி, வேறு யாருக்கும் கொடுக்காத ஒரே ஒரு வரி வந்தால் போதும் என்று உட்கார்ந்திருந்தேன். அது ஏன் வரவில்லை என்று சொல்வதற்கு, நான் பாட்டுக்காரியான கதையைச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்குப் பக்கம். எனக்கு யாரும் பாடச் சொல்லித்தரவில்லை. நடவு வயலில் பாடுகிறவள் கொஞ்சம் மெதுவாக நட்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இடுப்பு வலிக்குப் பயந்துதான் நான் பாட ஆரம்பித்தேன். சிறு வயதிலிருந்தே கலைத்தாகம் என்பதெல்லாம் பிற்பாடு மேடையில் என்னை அறிமுகப்படுத்தியவர்கள் ஒட்டவைத்தது. நடவிலிருந்து கல்யாண வீட்டுக்குப் போனேன். சம்பந்தி வீட்டாரைக் கிண்டலடித்துப் பாட என்னைக் கூட்டிப்போவார்கள். மாப்பிள்ளையின் தொப்பையிலிருந்து அவன் அத்தை கொண்டுவந்த சீர்த்தட்டு வரைக்கும் ஒன்றையும் விடமாட்டேன். பிறகு தேர்தல் வந்தது. ஒரே மெட்டில் இரண்டு கட்சிக்கும் பாட்டுக் கட்டிக் கொடுத்தேன். இரண்டு ஜீப்பும் ஒரே தெருவில் முன்னும் பின்னுமாகப் போயின. மெட்டு ஒன்றுதான் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவர்கள் வார்த்தையையும் கேட்டிருக்கமாட்டார்கள்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. ஆள் இல்லாமல் எனக்குப் பாட்டு வராது. நிலா, மல்லிகை, தென்றல் என்று பொதுவாகப் பாடச் சொன்னால் வாய் கட்டிக்கொள்ளும். ஒரு ஆளைக் காட்டி, அவர் எப்படி நடப்பார், எதைத் தின்னுவார், கோபம் வந்தால் என்ன செய்வார் என்று சொன்னால் போதும், பாத்திரம் விளக்கி முடிப்பதற்குள் பாட்டு தயாராகிவிடும்.

என் வீட்டுக்காரர் டெம்போ ஓட்டினார். மண்டியிலிருந்து தக்காளி ஏற்றிக்கொண்டு ஓசூருக்குப் போய்வருவார். நான் பாடப் போகிற இடத்துக்கெல்லாம் அவர்தான் கூட்டிப்போவார். கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். ஒருநாள்கூட நன்றாகப் பாடினாய் என்று சொன்னதில்லை. "மைக்க இன்னுங் கொஞ்சம் தள்ளி வெச்சிருக்கலாம் புள்ள" என்பார். அதற்கு மேல் எனக்கும் எதிர்பார்ப்பு இல்லை.

எண்பதுகளின் நடுவில் வீட்டுக்கு வீடு டேப்ரிக்கார்டர் வந்தது. தர்மபுரியில் கேசட் கடை வைத்திருந்த பாய் ஒருவர், கடைக்குப் பின்னால் ஒரு அறையில் சுவரெல்லாம் மெத்தையைத் தொங்கவிட்டு ரிக்கார்டிங் செய்துகொண்டிருந்தார். என்னுடைய நடவுப்பாட்டையும் கல்யாணப்பாட்டையும் அவர்தான் முதலில் கேசட்டாகப் போட்டார். இரண்டும் சுமாராகத்தான் ஓடின. ஒருநாள் என்னையும் வீட்டுக்காரரையும் உட்காரவைத்து டீ வாங்கிக்கொடுத்துவிட்டுச் சொன்னார்.

"தங்கச்சி, மைக் செட்டுக்காரங்க எல்லாம் அழுகப் பாட்டுதான் கேக்கறாங்க. அப்பனுக்கு, ஆத்தாளுக்கு, அண்ணனுக்கு எல்லாம் இருக்குது. புருசனுக்கு அழற மாதிரி நல்லதா ஒண்ணு இல்ல. நீங்க கட்டுங்க."

பூவும் பொட்டுமாக இருக்கிறவள் புருசன் செத்த பாட்டைத் தன் வாயால் பாடக்கூடாது. எங்கள் பக்கத்தில் விளையாட்டுக்குக்கூட அந்த வார்த்தையைச் சொல்லமாட்டார்கள். என் மாமியார் கேள்விப்பட்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"தாலி கழுத்துல தொங்கும்போதே இந்தப் பாட்டு பாடுவியா? வாய்ல நல்ல வார்த்தையே வராதா உனக்கு?"

வீட்டுக்காரர்தான் சிரித்துக்கொண்டே சமாதானம் சொன்னார். "செத்துட்டான்னு புரளி கெளம்புனா ஆயுசு கெட்டிம்பாங்க. அவ பாடட்டும் உடும்மா. நூறு வருசம் இருந்துட்டுப் போறேன்."

பாடுவது என்று முடிவாகிவிட்டது. ஆனால் எனக்கு ஆள் வேண்டுமே. செத்த புருசன் ஒருவன் வேண்டும். எனக்குத் தெரிந்த புருசன் ஒருத்தர்தான். அவரையே எடுத்தேன். வாசலில் நின்று செருப்பைக் கழற்றி ஒன்றோடொன்று தட்டி மண்ணை உதறிவிட்டுத்தான் அவர் உள்ளே வருவார். அதைப் போட்டேன். மண்டியில் எனக்கென்று ஒரு கெட்டித் தக்காளியைப் பொறுக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வருவார். அதையும் போட்டேன். கன்னத்துக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூங்குவது, தோளில் கிடக்கும் பச்சைத் துண்டு, நான் கோபமாக இருந்தால் பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் பேசுவதுபோல என்னிடம் பேசுவது, எல்லாம் போட்டேன். பாட்டு நீளமாகத்தான் வந்தது. எனக்கு அதில் பெருமைகூட இருந்தது.

ரிக்கார்டிங் அன்று மின்விசிறியை நிறுத்திவிட்டார்கள். வேர்த்து ஊற்ற ஊற்றப் பாடினேன்.

"செருப்பத் தட்டும் சத்தங் கேட்டு செம்பெடுத்து ஓடியாந்தேன்
செருப்பு ரெண்டும் வாசலில, செவுத்தோரம் நீ சாஞ்சதென்ன"

முடிந்ததும் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"நான் அவ்ளோ சத்தமாவா செருப்பத் தட்டறேன்?"

அந்தக் கேசட் பிய்த்துக்கொண்டு ஓடியது. கம்பைநல்லூர், மொரப்பூர் என்று எங்கே சாவு விழுந்தாலும் என் குரல் போய்விடும். கன்னடம் பேசுகிறவர்கள் வீட்டில்கூடப் போட்டார்கள். டெம்போ ஓட்டிக்கொண்டு போகிற வழியில் அவர் காதில் விழும். சாயங்காலம் வந்து, "இன்னிக்கு ரெண்டு எடத்துல செத்துட்டேன் புள்ள" என்பார். நான் சிரித்துவிட்டு அவருக்குச் சோறு போடுவேன். மாமியார் மட்டும் சிரிக்கமாட்டார்.

மாமியார் போய்ச் சேர்ந்த பிறகு, ஒரு காலையில் மண்டியில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அங்கேயே உயிர் போய்விட்டது. அவருடைய டெம்போவில் வைத்தே கொண்டுவந்தார்கள். இறக்கிக் குளிப்பாட்டி, சட்டை மாட்டித் தோளில் துண்டைப் போட்டு, நாற்காலியில் சுவரோரம் சாய்த்து வைத்தார்கள். நான் காலருகில் உட்கார்ந்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பந்தல் ஓலை ஒரு பக்கம் தாழ்ந்திருந்தது. யாரோ எனக்கு வரக்காப்பி கொடுத்தார்கள், குடித்தேன். சர்க்கரை பத்தவில்லை.

மைக் செட்டுக்காரர் வந்தார். எந்தச் சாவு வீட்டிலும் செய்வதைத்தான் செய்தார். தென்னைமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பெட்டியிலிருந்து அந்தக் கேசட்டை எடுத்துப் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. புருசன் செத்தால் போடுகிற கேசட் அதுதானே.

என் குரல் அழுதது. நன்றாகவே அழுதது. இரண்டாவது அடியில் மூச்சை விட்ட இடம் தப்பு என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். பாட்டு போகப்போக நான் அவரைப் பார்த்தேன். கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. குரலுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லாததுபோல இருந்தது.

நாத்தனார்தான் எழுந்துபோய் நிறுத்தச் சொன்னாள். திரும்பி வந்து என் முன்னால் மண்டியிட்டாள்.

"அண்ணி, கேசட்டு வேணாங்க. எங்கண்ணனுக்கு நீங்களே பாடுங்க."

சுற்றி உட்கார்ந்திருந்த பெண்கள் கட்டிக்கொண்டு அழுவதற்குத் தோதாக நெருங்கி வந்தார்கள். நான் அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தேன். கேசட்டில் இல்லாத ஒன்று அவரிடம் கிடைக்குமா என்று தேடினேன். துண்டைப் பார்த்தேன், பாடியாகிவிட்டது. சட்டைப்பையைப் பார்த்தேன், அதுவும் ஆகிவிட்டது. கையைப் பார்த்தேன். கன்னத்தைப் பார்த்தேன். அவரைப் பற்றி எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் நான் பாடி முடித்திருந்தேன்.

வாயைத் திறந்தேன். "செருப்பத் தட்டும் சத்தங் கேட்டு" என்றுதான் வந்தது.

அடுத்த அடியை நான் எடுப்பதற்குள் அவர்கள் எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் மனப்பாடம். நாத்தனார் பாடினாள், எதிர்வீட்டுக்காரி பாடினாள், யார் எவர் என்று எனக்குத் தெரியாதவர்களும் பாடினார்கள். நான் மூச்சு விட்ட தப்பான இடத்தில் அவர்களும் மூச்சு விட்டார்கள். நான் நிறுத்திவிட்டேன், பாட்டு நிற்கவில்லை.

பாலக்கோடு பக்கத்திலிருந்து வந்த ஒரு ஆயா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தேம்பினார். அவர் கண்ணீர் என் தோளை நனைத்தது.

"எங்கூட்டுக்காரரு போனப்பவும் இதத்தான் போட்டாங்க சாமி. அவருக்குன்னே கட்டுன மாதிரி இருந்துச்சு."

அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். அப்படியே சுற்றிப் பார்த்தேன். புருசனைப் பறிகொடுத்தவர்கள் புருசனுக்காகவும், மகனைப் பறிகொடுத்தவர்கள் மகனுக்காகவும் என் வார்த்தையை வைத்து அழுதுகொண்டிருந்தார்கள். பந்தல் முழுக்க அழுகை. அதில் என் ஆளுக்காக அழுதவர்கள் யாருமில்லை, நானும் இல்லை.