மாயாண்டி போட்ட தரை

மாயாண்டிக்கு இரும்பு என்றால் உயிர். நானுஓயாவுக்கு மேலே, மேகம் கேட்காமலேயே வீட்டுக்குள் நுழைந்துபோகும் ஒரு தோட்டத்தில் அவன் கவ்வாத்து வெட்டுகிற ஆள். பகலெல்லாம் குனிந்து தேயிலைச் செடிகளை வெட்டிச் சாய்க்கிற வேலை. அது போதாதென்று அந்தியில் தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்கு வந்து இரும்பு தூக்குவான். அட்டன் கார்னிவலில் கொழும்புப் பயில்வான் ஒருவன் குண்டு தூக்கியதைப் பார்த்துவிட்டு வந்த நாளில் பிடித்த பைத்தியம் அது. தொழிற்சாலை ஸ்டோரில் கழித்துப்போட்ட இரும்புத் தண்டையும் தள்ளுவண்டிச் சக்கரங்களையும் அங்கே பொறுப்பான டீமேக்கர் ஐயாவிடம் கெஞ்சி வாங்கிவந்தான். வீடென்று இருந்த ஒற்றைக் காம்பராவின் நடுவே ஒரு சாக்குத் திரை கட்டினான். இந்தப் பக்கம் அடுப்பும் படுக்கையும், அந்தப் பக்கம் தேகப்பயிற்சிக் கூடம்.

"மத்த ஆம்பளைங்க சாராயத்த தூக்குறாங்க, இவரு இரும்ப தூக்குறாரு. தொலையட்டும்" என்பாள் அவன் மனைவி ராக்காயி.

தூக்குவதில் ஒரு தொல்லையும் இல்லை. இறக்குவதில்தான் வந்தது வினை. லயம் என்பது ஒரே அஸ்திவாரம், ஒரே கூரை. இந்தக் கோடியில் ஒருவர் தும்மினால் அந்தக் கோடியில் நூறு வயது சொல்வார்கள். மாயாண்டி இரும்பைப் போட்டால் சும்மா இருக்குமா? அடுத்த காம்பரா சண்முகவடிவின் சுவர்த் தட்டிலிருந்து பாத்திரங்கள் உருண்டன. அவள் அப்போது வயிற்றுப் பிள்ளைக்காரி. வாய்க்கும் குறைவில்லை. நேரே தோட்ட வேலையை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளையிடம் போய்விட்டாள்.

கணக்கப்பிள்ளை வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "தை பொறக்குறதுக்குள்ள சத்தம் நிக்கணும் மாயாண்டி. இல்லாட்டி இந்த இரும்பு திரும்பவும் ஸ்டோருக்கே போயிரும்."

அன்றிலிருந்து அவனுக்குத் தரையைத் தவிர வேறு நினைப்பே இல்லை. சாணி மெழுகிய மண் தரை ஏற்கெனவே பள்ளம் பள்ளமாகிவிட்டது. பெரிய யந்திரங்களெல்லாம் சிமெந்தில்தானே நிற்கின்றன என்று சிமெந்து போட்டான். முதல் போடிலேயே அது அப்பளமாக நொறுங்கியது; சத்தமோ கோடி வரை கேட்டது. பலகை அடித்தான். அது திருவிழா மேளம் மாதிரி முழங்கியது. "பாத்திரம் போயி இப்ப மேளமா?" என்று சண்முகவடிவு சுவருக்கு அப்பாலிருந்து கேட்டாள்.

அந்த வருஷம் மழையால் தள்ளிப்போன கவ்வாத்து மார்கழி வரை இழுத்தது. வெட்டிய இலைக் குவியல் மீது ஒருநாள் கத்தி கைதவறி விழுந்தது. சத்தமே இல்லை. மாயாண்டி கத்தியை எடுத்து, வேண்டுமென்றே இன்னொரு தடவை போட்டுப் பார்த்தான். அன்றைக்கே காம்பராவில் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி, பச்சை இலையைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து கொட்டி மிதித்து, மேலே சாக்கை அடுக்கினான். இரும்பைப் போட்டான். தொம் என்று, பூனை குதித்த மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

சில நாளில் ராக்காயி திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தவள், காலைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"என்னங்க இது, தர சுடுது!"

சாக்கில் கொழுந்தை அமுக்கி வைத்தால் சூடேறும் என்பது கொழுந்து எடுக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரியும். கத்தி பிடிக்கிற மாயாண்டிக்குத்தான் தோன்றவில்லை.

"பச்ச எலைய அமுக்குனா சும்மா கெடக்குமா? ஒங்க மூளையும் இரும்பாப் போச்சா?" என்று திட்டிக்கொண்டே ராக்காயி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். வெளியே புல்லெல்லாம் பனியில் வெளுத்துக் கிடந்தது. உள்ளே, நெருப்பில்லாமல், புகையில்லாமல் பூமி கதகதத்தது. இருவரும் உள்ளங்கையைத் தரையில் வைத்துக் குளிர்காய்ந்தார்கள்.

அந்த வாரமே சண்முகவடிவுக்கு வலி எடுத்துவிட்டது. எட்டாம் மாசம். பெண் பிள்ளை பிறந்தது, கோழிக்குஞ்சாட்டம் இருந்தது, அழக்கூடத் தெம்பில்லை. மருத்துவச்சி அம்மா உதட்டைப் பிதுக்கினாள். "சூடு கொறையவே கூடாது. கொறஞ்சா புள்ள தங்காது" என்றாள். லயத்தில் இருந்த விறகோ ஈரம். மூட்டினால் புகைதான் வந்தது.

மாயாண்டி ராக்காயியைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். அவன் இரும்பையெல்லாம் உருட்டி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் பனியில் தள்ளினான்.

"தங்கச்சிய இங்க தூக்கிட்டு வாங்க" என்றான் சண்முகவடிவின் புருஷன் பொன்னையாவிடம்.

தாயும் பிள்ளையும் அந்தத் தரையில் படுத்தார்கள். இலை வெந்து சூடு தணியத் தணிய, மாயாண்டி ஒரு ஓரமாகத் தோண்டி எடுத்துவிட்டுப் புது இலை போட்டு மிதித்தான். மலைக்கும் லயத்துக்குமாக அவன் சுமந்த கட்டுக்குக் கணக்கில்லை. அந்த நாட்களில் அவன் இரும்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்ப்பான். அதைவிடப் பெரிய அதிசயம் அட்டன் கார்னிவலில் இல்லை என்று ராக்காயியிடம் சொல்வான். தை பிறந்தது. பிள்ளையின் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்தது. பிறகு வீரிட்டு அழவும் தொடங்கியது. லயமே வந்து நின்று அந்த அழுகையைக் கேட்டது.

பனி விட்டதும் சண்முகவடிவு தன் காம்பராவுக்குப் போனாள். துருப்பிடித்த இரும்பை மாயாண்டி துடைத்து உள்ளே வைத்தான். தூக்க மட்டும் மனம் வரவில்லை. சுவருக்கு அப்பால் அந்தப் பிஞ்சு கிடக்கிறதே, சின்ன அதிர்வில்கூட ஏதாவது ஆகிவிட்டால்? "இரும்ப எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லி கணக்கப்பிள்ளைகிட்ட சொல்லிருவோம்" என்றான் ராக்காயியிடம்.

மறுநாள் அந்தியில் சண்முகவடிவு வாசலில் வந்து நின்றாள். தோளில் பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது. இவ வயித்துல இருக்கப்ப, அந்தி ஆனா ஒதச்சுக்கிட்டே கெடப்பா. நீங்க இரும்பப் போட்டாத்தான் அடங்குவா. ஒங்க மேல இருந்த கோவத்துல நான் யாருகிட்டயும் சொல்லல. இப்ப தெனமும் இந்த நேரத்துக்குத்தான் அழுகுறா. ஒருக்கா போட்டுப் பாருங்களேன்."

அவள் தன் காம்பராவுக்குள் போனாள். மாயாண்டி வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு குனிந்தான். எத்தனையோ நாள் தூக்கிய இரும்புதான், ஆனால் பிடியை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தான். தூக்கினான். பார்த்துப் பதமாகப் போட்டான்.

தொம்.

சுவருக்கு அப்பால் அழுகை நின்றது. மாயாண்டி சுவரையே பார்த்தபடி நின்றான். ராக்காயி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏண்ணே நிறுத்திட்டீங்க?" என்று சண்முகவடிவின் குரல் கேட்டது. "இன்னொருக்கா போடுங்க!"