இரண்டு பேர் கனம்

நான் கதை கட்டுகிறவன் இல்லை. நம்பாதவர்கள் என் உள்ளங்கையைப் பார்க்கலாம். தோல் இன்னும் சரியாக முளைக்கவில்லை.

நாடக அரங்கில் கயிறு இழுப்பது என் வேலை. இந்த வருடம் பழைய பாலே நடன நாடகம் ஒன்றை மேடையேற்றினார்கள். செத்துப்போன காதலி ஆவியாக வருவாள். காதலன் கை நீட்டுவான். தொடுவதற்குள் அவள் மேலே பறந்துவிட வேண்டும். ஆவியாக ஆடியது என் தங்கை. மேடைக்கு மேலே பரணில் நின்று அவளைப் பறக்க வைப்பவன் நான். கயிற்றின் மறுமுனையில் அவள் எடைக்கு எடை மணல் மூட்டை கட்டியிருக்கும், அதனால் இழுப்பது சுலபம். ஒரே ஒரு கண்டிப்பு: இடுப்பில் கயிற்றுக் கொக்கி மாட்டியபின் அவளை யாரும் தொடக் கூடாது. பிடித்திழுத்துவிட்டுக் கையை எடுத்தால் விருட்டென்று மேலே போய்ப் பரண் இரும்பில் மண்டை மோதும். அது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

ஒத்திகை. பட்டப்பகல். இசை உச்சத்துக்கு வந்ததும் இழுத்தேன்.

கயிறு வரவில்லை...

இரண்டு பேர் கனம். எட்டிப் பார்த்தேன். விரிந்த வெள்ளைப் பாவாடை. அதனடியில் முட்டிபோட்ட காதலனின் முதுகு. அவள் கால் பக்கம் வெறி பிடித்தவன் மாதிரி இழுத்துக்கொண்டிருந்தான்.

"விடுடா அவள!"

அவன் விடவில்லை. கயிறு என் கையை உரித்துக்கொண்டு ஓடியது. ரத்தத்தில் பிடி வழுக்கியது. தங்கை அலறினாள்.

மளுக்...

அவள் இடுப்பு.

சட்டென்று கனம் போனது.

அவள் மேலே வந்தாள்...

டங்!

அவளை இறக்கிவிட்டு ஏணியில் பாய்ந்தேன். ரத்தம் தலைக்கேறியிருந்தது. அவன் தாடை உடையும்வரை அடித்தேன். நாலு பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். அவன் திருப்பி அடிக்கவே இல்லை. நான் இறங்கி வந்த பரணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தங்கை பிழைப்பாளா என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை. நல்லவேளை, மறுநாள் கண் திறந்தாள்.

"அவர ஏண்ணே அடிச்ச? என் கால்ல தொங்குனவளப் பிச்சு எடுக்கத்தான பாத்தாரு..."

"யாரு தொங்குனா?"

"தெரியல. என் மூஞ்சிதான் அவளுக்கும். கழுத்து மட்டும் நீலமா இருந்துச்சு. 'என்னையும் தூக்குண்ணே'ன்னு உன்னப் பாத்துக் கத்துனா. கேக்கல?"

எனக்கு இருப்பது ஒரே தங்கை.

கட்டிலோரம் நின்ற அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவகூட இன்னொண்ணும் பொறந்துச்சுப்பா. பொண்ணு. கழுத்துல கொடி சுத்தி... மூச்சே இல்ல. உங்கப்பாவும் நானும் யாருகிட்டயும் சொல்லல. பேருகூட வைக்காமப் பொதச்சோம்."