ஒரே பானைச் சோறு, ரெண்டு உடம்பு

பிள்ளைகளே, உங்கள் அம்மாவுக்கு முதலில் வந்தது குளிர். நுவரெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் யாருக்குத்தான் குளிராது என்று நான் பெரிதாக எடுக்கவில்லை. ஆனால் சித்திரை வெயிலிலும் ராசாத்தி கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் கொழுந்தெடுக்கப் போனாள். அதே வருசம் எனக்கு வேர்த்தது. மார்கழிப் பனியில் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுத்தேன்.

நீங்கள் பிறக்காத காலம் அது. எழுபதுகளின் நடுவில், அரிசியைக் கண்ணால் காண்பதே அருமை. ரேசன் கூப்பனுக்குக் கிடைத்த மாவில் ரொட்டி தட்டிச் சாப்பிட்டோம். லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகள்) எல்லாரும் எலும்பாகிக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா மட்டும் பருத்தாள். முகம் ஊதியது, குரல் கரகரத்தது, நடை தளர்ந்தது. எனக்கோ கன்னம் ஒட்டி, கை நடுங்கத் தொடங்கியது.

பீலிக்கரையில் (தண்ணீர் பிடிக்கும் இடம்) பெண்கள் சும்மா இருப்பார்களா?

"ராசாத்தி, எந்தக் கடையிலம்மா மாவு வாங்குற? எங்களுக்கும் சொல்லேன்."

"மாவு இல்லடி, புருசன் பங்கு. அவரு காத்தக் குடிச்சிட்டுல வேலைக்குப் போறாரு!"

"காத்தா, கசிப்பா? கை ஆடுறதப் பாத்தா கள்ளச் சாராயம் மாதிரில்ல இருக்கு."

அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைப்பாள். எனக்கு எந்நேரமும் பசி. தின்றேன். தின்னத் தின்ன இளைத்தேன். தின்னாமல் அவள் பருத்தாள்.

என் அக்கா பக்கத்துக் காம்பராவில் (லயத்து அறை) இருந்தாள். தாயில்லாத என்னை வளர்த்தவள். ஒருநாள் வந்து நின்றாள்.

"தம்பி, இவளப் பூண்டுலோயாவுக்கே, அவ அம்மா வீட்டுக்கே அனுப்பிடு. மூணு வருசமாப் புள்ளயும் இல்ல. உன்னத் தின்னே தீத்துப்புடுவா."

"தின்னட்டும்க்கா" என்றேன்.

அக்காவுக்கு வந்ததே கோபம். "சரி. ஒரு மாசம் ரெண்டு பேருக்கும் நான் ஆக்கிப் போடுறேன். அதுல இவ எளைச்சா, இவ்வளவு நாளாத் தின்னது திருட்டுத் தீனிதான். அப்புறம் மூட்டையக் கட்டணும். எளைக்கலன்னா நான் வாயத் தொறக்க மாட்டேன்."

அடுப்பு முன்னால் குந்தியிருந்த ராசாத்தி, "சரிங்க அண்ணி" என்றாள். அந்தப் பஞ்சத்தில் அக்கா அளந்து போடுவதைத் தின்றால் யானைகூட இளைத்துப் போகும். அப்புறம் நான் என்ன சொல்லி இவளை வைத்துக்கொள்வது?

எங்கள் மாவு அக்காவின் பெட்டிக்குள் போய்ப் பூட்டுப்பட்டது. எனக்கு ஒன்றரை ரொட்டி, அவளுக்கு அரை. சாப்பிட்டு முடியும் வரை அக்கா எதிரில் உட்கார்ந்திருப்பாள்.

மாசம் முடியும்போது என் இடுப்பில் சாரம் (கைலி) நிற்கவில்லை. உங்கள் அம்மாவுக்குக் கண்ணாடி வளையல் மணிக்கட்டைக் கடித்தது. சோப்புப் போட்டும் கழன்று வரவில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணின் வளையலை உடைக்கக் கூடாது என்பார்கள். அக்காவே ஒரு கல்லை எடுத்து, அவள் கையைத் தன் மடியில் வைத்து, பதமாகத் தட்டி உடைத்தாள். உடைத்த பிறகும் கையை விடவில்லை.

"நாந்தான் ஆக்கிப் போட்டேன். நாந்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். இது சோத்து ஒடம்பு இல்லடா தம்பி. இது என்னமோ நோவு" என்றாள்.

மறுநாளே பஸ் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நான் துணைக்குப் போனதாகத்தான் நினைத்திருந்தேன்.

டொக்டர் சிங்களவர். தமிழும் பேசுவார். ராசாத்தியின் கழுத்தைத் தடவிப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே சின்னச் சுத்தியலால் தட்டினார்; பாதம் சோம்பலாக அசைந்து, மெல்லத் திரும்பியது. பிறகு கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க யாரு?"

"புருசன்ங்க."

"நீங்களும் உக்காருங்க."

கையை நீட்டச் சொல்லி விரல்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது.

"கசிப்பு இல்லீங்கய்யா, சாமி சத்தியமா!" என்று அக்கா முந்திக்கொண்டாள். டொக்டர் சிரித்துவிட்டார்.

எங்கள் இரத்தம் கொழும்புக்குப் போய் முடிவு வரச் சில வாரங்கள் ஆயின. இருவருக்கும் ஒரே இடத்தில்தான் கோளாறு. தைரொய்ட் (கழுத்தின் முன்பக்கம் இருக்கும் சுரப்பி) ஓமோனைச் (இரத்தத்தோடு ஓடி உடம்புக்கு வேலை சொல்லும் சாறு) சுரக்கிறது. அது அவளுக்குக் குறைவு, எனக்கு அதிகம்.

"என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டார்.

"இஸ்டோர்ல (தேயிலை ஆலை) அடுப்பு எரிக்கிறேன்ங்க. தூளு காய வைக்கிற அடுப்பு."

"அப்ப வெளங்கும். வெறகு ஒண்ணுதான். உங்க அடுப்பு பத்திக்கிட்டு எரியுது, அவங்க அடுப்பு புகையுது. அவங்க ஒடம்புல ஏறினது எல்லாம் கொழுப்பும் இல்ல. தண்ணியும் தேங்கி இருக்கு."

இந்தச் சுரப்பிக் கோளாறு பெண்களுக்குத்தான் கூடுதலாக வருமாம். ஆண்களுக்கும் வரும் என்பதற்கு நானே சாட்சி. ஆனால் பருத்தவர், இளைத்தவர் எல்லாருக்கும் இதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். இரத்தத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். உங்கள் அம்மாவுக்கு அந்தச் சாறையே மாத்திரையாகக் கொடுத்தார்கள். பீலிக்கரையில் கேலி பேசிய ஒருத்தியே, பஞ்சம் தீர்ந்து உடம்பு வைத்த பிறகு வந்து, "எனக்கும் ரெண்டு மாத்திர குடு ராசாத்தி, மெலியட்டும்" என்று கேட்டாள். கொடுக்கவில்லை. தேவையில்லாதவர் தின்றால் அது நெஞ்சைப் படபடக்க வைக்கும்.

எனக்கு வேறு மாத்திரை. தொண்டை நோவோ காய்ச்சலோ வந்தால் அதை நிறுத்திவிட்டு உடனே ஓடி வரச் சொன்னார்கள். ரெண்டு வருசம் போல் எடுத்தேன், போதும் என்றார்கள். அவளுக்கு மட்டும் ஆயுசுக்கும். "எப்பய்யா நிப்பாட்டலாம்?" என்று அக்கா கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

முதல் சில வாரம் ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் அவசரப்பட்டோம், உடம்பு அவசரப்படவில்லை. முதலில் கம்பளி கழன்றது. பிறகு ஒரு காலையில் வாசலில் யாரோ கணீரென்று என்னைத் திட்டும் சத்தம் கேட்டு, யாரது என்று எட்டிப் பார்த்தேன். ராசாத்திதான்! குரல் திரும்பியிருந்தது. ஊதல் மெல்ல மெல்ல வடிந்தது. வருசம் திரும்பி, பெரியவள் வயிற்றில் வந்தாள். வேலைக்குச் சங்கு ஊதினால் எழும்புவோம், ஊதினால் திரும்புவோம். உடம்பு அந்தச் சங்குக்குக் கட்டுப்பட்டதில்லை என்று அப்போதுதான் விளங்கியது. இன்று தின்ற மாத்திரை அடுத்த மாசம்தான் பேசும்.

கல்யாணத்தன்று இருந்த கொடி உடம்பு உங்கள் அம்மாவுக்குத் திரும்பவில்லை. எனக்கும் பழைய புஜம் இல்லை. உங்களில் சின்னவன் தவழ்கிற காலத்தில், அக்கா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் மெலியணும்டி, டொக்டர்கிட்டக் கேளேன்" என்றாள்.

உங்கள் அம்மா சின்னவனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"கேட்டுட்டேன் அண்ணி. நோவு அவ்வளவுதானாம். மிச்சம் இருக்கிறது நான்தானாம்."