சித்தப்பா வைத்த பத்திரிகை

எங்கள் அத்தையின் கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது என் கெட்டிக்காரத்தனத்தால்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது. அறுபதுகளின் தொடக்கம். சிராங்கூன் ரோட்டை ஒட்டிய ஒரு சந்தில், மளிகைக் கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறைகளில் குடியிருந்தோம். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை, அப்பாவின் தம்பியான சித்தப்பா என்று ஐந்து பேர்.

அப்பா ஓர் ஆபீசில் கிராணி, எழுத்து வேலை பார்க்கும் குமாஸ்தா. அவருடைய ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பார்த்து வெள்ளைக்கார மேலதிகாரியே மெச்சினாராம். அதை அப்பா அடிக்கடி சொல்வார். சித்தப்பாவைப் பற்றி யாரும் எதையும் மெச்சியதாக நான் கேட்டதில்லை. அவருக்கு இருபத்தேழு வயது, கப்பல் பட்டறையில் வெல்டர் வேலை. ஒரே வகுப்பில் மூன்று வருஷம் உட்கார்ந்துவிட்டு, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். கடுகு, தேங்காய், வெங்காயம் வாங்கி வரச் சொன்னால் தேங்காயோடு மட்டும் சிரித்துக்கொண்டே படியேறி வருவார். அம்மா பழகிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். அவரும் சலிக்காமல் மூன்று முறை இறங்கி ஏறுவார். அப்பா அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார். "கவனம் இல்லை, சோம்பேறி" என்பது அப்பாவின் தீர்ப்பு. ஆனால் கப்பலில் உடைந்துபோன ஓர் இரும்பு ஏணியை ஒருமுறை பார்த்தால் போதும், அதே மாதிரி இன்னொன்றைச் செய்துவிடுவார் என்று அவர் கூட்டாளிகள் சொல்வார்கள். அதை அப்பா கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை.

அத்தைக்கு மாப்பிள்ளை நிச்சயமாகி, பத்திரிகை அச்சடித்து வந்தது. உறைகள் மேல் அப்பாவே உட்கார்ந்து, எல்லாப் பெயரையும் ஆங்கிலக் கூட்டெழுத்தில் எழுதினார். நேரில் போய் வைக்கத்தான் ஆள் இல்லை. அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. சித்தப்பாவை அனுப்புவதென்று முடிவாயிற்று. குங்குமச் சிமிழைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன்.

புறப்படும்முன் சித்தப்பா அப்பாவிடம் ஒரு விசித்திரமான உதவி கேட்டார். பதினொரு உறைகளையும் போகிற வழிப்படி அடுக்கி, ஒவ்வொன்றையும் தொட்டு, யாருடையது என்று சொல்லச் சொன்னார். இரண்டாவது முறையும் கேட்டார். மூன்றாவது முறை கேட்டபோது அப்பா பொறுமை இழந்தார். "மேலேதான் எழுதியிருக்கேனேடா!"

முதல் ஐந்து பத்திரிகை பழம் உரித்த மாதிரி முடிந்தது. சித்தப்பாவுக்கு எந்த வீட்டுக்கும் வழி தெரியாமல் போனதில்லை. ஒருமுறை நடந்த தெரு அவருக்குச் சாகும்வரை மறக்காது. சவுத் பிரிட்ஜ் ரோட்டு மாரியம்மன் கோயிலில் அம்மன் காலடியில் ஐந்தாவதை வைத்துக் கும்பிட்டோம். பிறகு தஞ்சோங் பகாருக்கு பஸ் ஏறினோம். டிக்கெட் எடுக்கும்போது உறைக்கட்டை என்னிடம் கொடுத்தார். இறங்கும்போது நான் படியில் தடுக்கினேன். ஆறு உறைகளும் தெருவில் சிதறின.

உறைகள் அழுக்காகவில்லை. அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை என்றுதான் நினைத்தேன். சித்தப்பா அவற்றைப் பொறுக்கிக்கொண்டு, ஒரு கடையின் முன்னால் கூரை போட்ட ஐந்தடிப் பாதையில் குந்தி, ஆறையும் வரிசையாகப் பரப்பினார். ஒன்றை எடுத்தார், வைத்தார். இன்னொன்றை எடுத்தார். நெற்றியெல்லாம் வேர்த்துக் கொட்டியது.

"இதுல எதும்மா தையல்காரர் வீட்டுது?"

"உங்களுக்குத் தெரியாதா சித்தப்பா?"

"கூட்டெழுத்துல்ல கண்ணு. கொஞ்சம் ஆடுது."

காற்றில் உறை ஆடுகிறது என்று நினைத்துக்கொண்டு, நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தேன்.

நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடத்தில். ஆங்கிலத்தில் தனித்தனி எழுத்துதான் தெரியும். ஆனாலும் முதலெழுத்தைப் பார்த்து நான்கு உறைகளை ஒருவாறு அடையாளம் சொல்லிவிட்டேன். மிச்சம் இரண்டு. ஒன்று தையல்காரருடையது. மற்றொன்று குவீன்ஸ்டவுனில் இருக்கும் மாப்பிள்ளையின் தாய்மாமனுடையது. அவர் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடுகிற டிரஸ்ஸர். சம்பந்தி வீட்டில் அவர் சொல்தான் சட்டம். இரண்டு பெயரும் ஒரே எழுத்தில் தொடங்கின. ஒன்று நீளம், ஒன்று குட்டை. நான் தயங்கவே இல்லை. பெரிய மனிதருக்குத்தானே பெரிய பெயர் இருக்கும்? நீளமானதை எடுத்து, டிரஸ்ஸர் மாமாவுக்கு என்றேன். "அட, கெட்டிக்காரி!" என்று சித்தப்பா எனக்குப் பனிச்சீவலில் சர்க்கரைப் பாகு ஊற்றிய ஐஸ் கச்சாங் வாங்கிக் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு எட்டு நாள் இருக்கும்போது, ஒரு சனிக்கிழமை மாலை, மாப்பிள்ளையின் அண்ணன் வந்து அந்த உறையை மேசைமேல் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. வேறு யாரோ ஒருவர் பெயர் போட்ட பத்திரிகையைத் தாய்மாமனுக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அவர் கல்யாணத்துக்கு வரமாட்டாராம், தாய்மாமன் இல்லாமல் எங்கள் வீட்டில் தாலி கட்டுவதில்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். தையல்காரரிடமிருந்து ஒரு புகாரும் வரவில்லை. அவருக்கும் ஆங்கிலம் தெரியாது. தனக்கு வந்த உறையைச் சாமி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தார்.

அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"குடிச்சிட்டாடா போனே?" என்றார் அப்பா. சித்தப்பா குடிக்கமாட்டார் என்பது அப்பாவுக்கும் தெரியும்.

"நான்தான் மாத்தி வச்சிட்டேண்ணே. தப்பு என்னோடது."

அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். நான்தான் கீழே போட்டேன், நான்தான் எது யாருடையது என்று சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஐந்தடிப் பாதையில் அவர் உறைகளோடு திண்டாடியதை வைத்து, "சித்தப்பாவுக்குப் படிக்க வராதுப்பா" என்றும் சொல்லிவிட்டேன்.

சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டேன் என்பது அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் தெரிந்தது.

சித்தப்பா தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவர் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போலப் பேசி நான் கேட்டதில்லை.

"அவ சொல்றது சரிதாண்ணே. எழுத்து ஒண்ணு ஒண்ணாத் தெரியும். சேர்த்துப் படிக்கப்போனா இடம் மாறிக்குது. கூட்டி முடிக்கறதுக்குள்ள முதல்ல படிச்சது மறந்துபோவுது. நீங்க மூணு வேலை சொன்னா, மூணாவதக் கேக்கறப்ப மொத ரெண்டும் மண்டையில இல்ல. சின்னப் புள்ளையிலேருந்தே இப்படித்தான். நான் வேணும்னு செய்யல."

"ஏன்டா இத முன்னாடியே சொல்லல?"

"சொன்னேண்ணே. நீங்கதான் அப்ப எனக்குப் பாடம் சொல்லிக்குடுத்தீங்க. சொன்னதும் ரூல்தடியை எடுத்தீங்க."

அப்பா மேசைமேல் கிடந்த உறையை எடுத்துத் தன் கூட்டெழுத்தைப் பார்த்தார்.

மறுநாள் காலை அப்பா, சித்தப்பா, நான் மூன்று பேரும் குவீன்ஸ்டவுனுக்குப் போனோம். டிரஸ்ஸர் மாமாவின் வீடு புது அடுக்குமாடி பிளாட்டில் நான்காவது மாடி. அவர் கதவைத் திறந்தார், உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. அப்பா ஒரு நல்ல மன்னிப்பைத் தயார் செய்து வந்திருந்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் சித்தப்பா முன்னால் போய்க் கைகூப்பினார்.

"எனக்குப் படிக்க வராதுங்க. அதனாலதான் உறை மாறிப்போச்சு. வேற ஒண்ணும் இல்ல. இப்ப வாயாலயே அழைக்கிறேன்."

அழைக்கத் தொடங்கினார். பெண் பெயர், மாப்பிள்ளை பெயர் சரியாக வந்தன. கிழமை மறந்துவிட்டது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். கிழமை வந்தது, நேரம் வந்தது, கோயில் வரவில்லை. அப்பா எடுத்துக்கொடுக்கப் போனார். டிரஸ்ஸர் மாமா கையை உயர்த்தித் தடுத்தார். "அவரே சொல்லட்டும்."

சித்தப்பா வலது கையை விரித்து, கட்டைவிரலைத் தொட்டுப் பெண் என்றார். அடுத்த விரல் மாப்பிள்ளை, அதற்கடுத்தது கிழமை, அதற்கடுத்தது நேரம். சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். நான் மூச்சையே அடக்கிக்கொண்டேன். "பெருமாள் கோயில்!" என்றார். என்றுமே பார்க்காத ஒரு சிரிப்பு அவர் முகம் முழுக்கப் பரவியது.

உள்ளேயிருந்து மாமி சிரித்துக்கொண்டே வந்தாள். "இவ்வளவு பாடுபட்டு எங்களை யாரும் அழைச்சதில்லப்பா. உள்ள வாங்க எல்லாரும், காப்பி போடறேன்."

காப்பி குடிக்கும்போது டிரஸ்ஸர் மாமா மெதுவாகச் சொன்னார். "ஆஸ்பத்திரிக்கு வர்றவங்ககிட்ட மருந்து எப்படிச் சாப்பிடணும்னு தினம் சொல்லி அனுப்புறேன். வாசலத் தாண்டறதுக்குள்ள மறந்துட்டுத் திரும்பி வருவாங்க. நல்லாத் திட்டியிருக்கேன்." பிறகு சித்தப்பாவின் தட்டில் இன்னொரு பிஸ்கட்டை வைத்தார்.

கல்யாணம் நடந்தது. டிரஸ்ஸர் மாமா முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்திலேயே தையல்காரரும் உட்கார்ந்திருந்தார்.

அதன்பிறகு சித்தப்பா கடைக்குப் போகும்போது விரல்களைத் தொட்டுக்கொண்டே போவார். மூன்று சாமானும் வந்து சேரும், சில நாள் இரண்டு. பட்டறையில் ஃபோர்மன் பரீட்சைக்கு இரண்டு முறை கூப்பிட்டும் விருப்பமில்லை என்று சொல்லி வந்தவர், அடுத்த வருஷம் மேலாளரிடம் போய், எழுதச் சொல்லாதீர்கள், வாயால் கேளுங்கள், ஒவ்வொரு கேள்வியாகக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டார். அவரும் ஒத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா புத்தகத்தை வாசிக்க, சித்தப்பா அதைப் படமாக வரைந்து வைத்துக்கொள்வார். முதல் முறை தேறவில்லை. இரண்டாவது முறை தேறினார். இதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருப்பதை, பல வருஷம் கழித்து என் மகனின் ஆசிரியை சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அன்றைக்கே சித்தப்பாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். "பேரு கொஞ்சம் நீளமா இருக்கேம்மா" என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை குவீன்ஸ்டவுனிலிருந்து திரும்பியதைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் நானும் சித்தப்பாவும் குதூகலமாகப் பேசிக்கொண்டு வந்தோம். அப்பா முன் இருக்கையில் தனியாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு இரண்டு நிறுத்தம் முன்னாலேயே, நடந்து வருகிறேன் என்று இறங்கிவிட்டார். நாங்கள் வீடு சேர்ந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வந்தார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. வெயிலில் நடந்ததால் என்று எண்ணி, சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். முழுதும் குடித்தார்.

"தம்பி சாப்பிட்டானா?" என்று என்னிடம் கேட்டார்.

சித்தப்பா எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தார். அவரிடமே கேட்காமல் ஏன் என்னிடம் கேட்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை.