பதினாறா, பதினெட்டா?

வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க வீடு வீடாகப் போகிற வேலையில், கேட்டுக்குப் பின்னால் குரைக்கும் நாயைச் சமாளித்துவிடலாம், "நீங்க என்ன சொல்றீங்க டீச்சர்?" என்று கேட்கிறவர்களைச் சமாளிக்க முடியாது. பள்ளிக்கூட வேலையோடு இதையும் சேர்த்து இழுக்கிறவர்களுக்கு என் பாடு புரியும். ஓட்டு வயதைப் பதினாறாகக் குறைக்கலாமா என்று டிவியில் பேசினாலும் பேசினார்கள், போகிற வீடெல்லாம் இதே கேள்விதான்.

சாக்ஸ்

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு புது வீடு. அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர், மகன் பிளஸ் ஒன். "பதினாறு வயசுல ஓட்டா? இவனுக்கு சாக்ஸ் எங்க இருக்குன்னே தெரியாது மேடம்" என்று சிரித்தார். நியாயம்தான் என்று தலையாட்டினேன். என் வீட்டிலும் அப்படி ஒன்று இருக்கிறது.

நான் கிளம்பும்போது பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னான்: "போன தடவை நம்ம தொகுதியில யார் யார் நிக்கறாங்கன்னு என்கிட்ட கேட்டுட்டுத்தானேப்பா ஓட்டு போடப் போனீங்க."

கைதட்டல்

அப்படியானால் குறைக்கலாம் போலிருக்கிறதே என்று, மறுநாள் என் பிளஸ் ஒன் வகுப்பில் விவாதம் வைத்தேன். குறைக்க வேண்டும் என்று வகுப்புத் தலைவன் பேசினான். "பரீட்சை எங்களுக்கு, பஸ் நெரிசல் எங்களுக்கு, முடிவு மட்டும் பெரியவங்களுக்கா?" என்று கேட்டதும் கைதட்டல் அடங்கவே இல்லை.

கை தூக்கச் சொன்னேன். முக்கால்வாசிப் பேர் அவனுக்கு எதிராகத் தூக்கினார்கள். அவ்வளவு தட்டிவிட்டு ஏன் எதிராகத் தூக்கினீர்கள் என்று கேட்டேன். கடைசி பெஞ்சுப் பெண் ஒருத்தி எழுந்தாள்: "நல்லா பேசறான்னு நம்பித்தான் மிஸ் அவனை லீடராக்கினோம், இன்னொரு தடவை ஏமாற மாட்டோம்."

மாப்பிள்ளை வீடு

கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு விவசாயி வீடு. மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள், வயது பதினேழு. "பதினெட்டுன்னு போட்டு ஓட்டு லிஸ்ட்ல சேர்த்துடுங்க டீச்சர், மாப்பிள்ளை வீட்டுல வயசுக்கு அத்தாட்சி கேக்கறாங்க" என்றார் அப்பா. கதவோரம் நின்ற அந்தப் பெண் என் முகத்தையே பார்த்தாள்.

அப்படிப் போட முடியாது, கல்யாணமும் இப்போது கூடாது, மீறினால் கலெக்டர் ஆபீஸில் சொல்லிவிடுவேன் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். இரண்டு மூன்று முறை திரும்பப் போய் அவள் அம்மாவிடம் பேசினேன். கல்யாணப் பேச்சு நின்றது.

போன வாரம் திருவண்ணாமலை பஸ்ஸில் கல்லூரிப் பையோடு அவளைப் பார்த்தேன். இத்தனை பட்டவள் விவரமானவள்தானே, பதினெட்டுக்கு இன்னும் சில மாதம் இருந்தாலும் இப்போதே ஓட்டுக் கொடுக்கலாமே என்று தோன்றியது. அதையே அவளிடம் கேட்டேன். கம்பியைப் பிடித்தபடி சொன்னாள்: "வேணாம் டீச்சர், ஓட்டுக்குப் பதினாறு போதும்னா எங்கப்பா எல்லாத்துக்கும் பதினாறு போதும்னுடுவாரு."

இந்த விஷயத்தில் என்னிடம் தெளிவாகப் பேசிய மூன்று பேருக்கும் ஓட்டு இல்லை, இன்னும் ஒன்றும் பிடிபடாமல் நிற்கிற எனக்கு இருக்கிறது.