அக்கா கொடுத்த ஆறு மணி நேரம்

என் அக்கா மூக்குக் கண்ணாடிக் கடையில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தாள். காதில் மாட்டும் கம்பியைச் சூடு காட்டி வளைப்பாள், கழன்ற திருகைச் சட்டென்று முடுக்குவாள். அப்போதும் வாய் மட்டும் சும்மா இருக்காது. திருகு முடுக்க வந்தவரைப் பிடித்து வைத்துக் கண் தானத்தைப் பற்றிப் பேசித் தள்ளுவாள். முதலாளிக்கே காது புளித்துப்போனது.

கண்ணாடி போட்டவர்கள் கொடுக்கலாமா, முகம் குழிவிழுந்து போகாதா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். தாராளமாகக் கொடுக்கலாம், முகத்தில் வித்தியாசமே தெரியாது என்பாள். அடுத்த பிறவியில் கண் தெரியாமல் பிறந்துவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார். "அப்பவும் நம்ம கடைக்கே வாங்க, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவளும் எழுதிக் கொடுத்திருந்தாள். சாட்சிக் கையெழுத்து அக்கா வீட்டுக்காரருடையது. கண் வங்கியின் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினாள். உயிர் போன ஆறு மணி நேரத்துக்குள் கூப்பிட வேண்டும் என்று எனக்கும் மாமாவுக்கும் பாடம் எடுத்தாள். அவர் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினார்.

போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான். டாக்டர் வந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாராம்.

நான் போய்ச் சேரும்போது மணி பத்து. அழுகையோடு அழுகையாக, கண் காய்ந்துவிடாமல் இருக்க ஃபேனை நிறுத்தினேன், இமைகளை மூடி ஈரப் பஞ்சு வைத்தேன், தலைக்கு இரண்டு தலையணை கொடுத்தேன். எல்லாம் அவள் சொல்லிக்கொடுத்தது. மாமா போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். திரும்பி வந்து, "சொல்லிட்டேன், வந்துட்டிருக்காங்க" என்றார்.

நம்பினேன். கூறுகெட்டவள், அப்படியே நம்பினேன். பஞ்சு காயக் காய நனைத்து வைத்தேன். புழுக்கம் தாங்காமல் உறவுக்காரர்கள் ஃபேனைப் போடச் சொன்னார்கள். நான் ஸ்விட்சுக்குக் காவல் நின்று எல்லோரிடமும் ஏச்சு வாங்கினேன். கேட்டபோதெல்லாம், வண்டி வழியில் மாட்டிக்கொண்டதாம் என்றார் மாமா.

மூன்றரைக்கு, நானே கூப்பிடலாம் என்று ஃப்ரிட்ஜ் பக்கம் போனேன். சீட்டைக் காணவில்லை. கடை முதலாளியிடம் நம்பர் வாங்கிக் கூப்பிட்டேன். எடுத்த பெண் தெருப் பெயரை இரண்டு தரம் கேட்டுவிட்டு, அங்கிருந்து இன்று யாருமே பேசவில்லையே என்றாள். உயிர் போய் எத்தனை மணி நேரம் ஆகிறது என்று கேட்டாள். சொன்னேன். இனி வந்து பயனில்லை என்று வருத்தப்பட்டாள்.

மாமாவின் சட்டைப் பையில் அந்தச் சீட்டு நான்காக மடிந்து கிடந்தது. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்.

"வேணாம்னு காலையிலயே சொல்லியிருந்தா, சண்டை போட்டாவது நானே கூப்பிட்டிருப்பேனே மாமா?"

"தெரியும். அதனாலதான் சொல்லல" என்றார்.

பிறகு எழுந்து போய் ஃபேனைப் போட்டார்.