கட்டுப் போட்ட ஸ்கூட்டர்

புதுப் பெயிண்ட் வாசனையும், வெளுத்துக் காயவைத்த பேண்டேஜ் துணியின் வாசனையும் ஒன்றாகக் கலந்தால் ஒரு தனி வாசனை வரும். அதை முகர்ந்தவர்கள் நாட்டில் அதிகம் பேர் இருக்க மாட்டார்கள். எனக்கு அது என் எட்டாவது வயதின் வாசனை. இன்றைக்கும் மருந்துக்கடை வாசலில் நின்றால் கண்ணுக்குள் ஒரு மயில்கழுத்து நிற ஸ்கூட்டர் வந்து நிற்கிறது.

இராஜபாளையத்தில் எங்கள் அப்பா நூல் மில்லில் மெஷின்களைப் பழுது பார்க்கிற பிட்டர். அம்மா பேண்டேஜ் கம்பெனியில் துணியைச் சுருள் சுற்றும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். எண்பதுகளில் ஸ்கூட்டர் வேண்டும் என்றால் பெயரைப் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அப்பா காத்திருந்தது ஊர் சுற்றுவதற்காக அல்ல. ஸ்ரீவில்லிபுத்தூர் நாச்சியார்மேல் அவருக்கு அப்படி ஒரு பக்தி. மார்கழி முப்பது நாளும் விடியுமுன்னே சைக்கிளை மிதித்துப் போய்த் தாயாரைக் கும்பிட்டுவிட்டு, திரும்ப மிதித்து வந்து, சட்டையை மாற்றிக்கொண்டு மில்லுக்குப் போகிற மனுஷர். அதனால் வண்டி வந்த அன்றைக்கே சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமை தாயார் முன்னாடி கொண்டுபோய் நிறுத்தணும். அதுவரைக்கும் ஒரு கீறல் விழக்கூடாது. பூக்கடையில இருந்து எடுத்த பூ மாதிரி கொண்டுபோகணும்."

வண்டி வந்தது திங்கட்கிழமை. நடுவில் இருந்த நாட்களில் எங்கள் வீட்டில் நடந்த கட்டுக்காவலை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. என் கால் கொலுசைக் கழற்றிப் பரணில் வைத்துவிட்டார்கள், வண்டியில் ஏறும்போது உரசிவிடுமாம். அம்மா இடுப்பில் செருகியிருந்த சாவிக்கொத்து ஆணிக்குப் போனது. பக்கத்து வீட்டுச் சேவல் எங்கே வண்டிமேல் ஏறி நின்று கூவித் தொலைக்குமோ என்று, அப்பா மில்லுக்குப் போகும் நேரத்தில் காவலுக்கு என்னை உட்கார்த்திவிட்டுப் போனார். தூசி துடைப்பதற்குக்கூட வீட்டுத் துணி ஆகாது. மில்லில் இருந்து வாங்கி வந்த மெத்தென்ற "வேஸ்ட்" பஞ்சால், குழந்தைக்கு முகம் துடைப்பதுபோல் ஒற்றி ஒற்றி எடுப்பார், அழுத்தித் தேய்க்கவே மாட்டார். எந்த வேலை செய்தாலும் அப்படி ஒரு நிதானம் அவருக்கு.

வீட்டுக்குள் காப்பாற்றிவிடலாம். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டை என்ன செய்வது? அந்தச் சமயம் பார்த்து ரோட்டைப் பெயர்த்துப் போட்டு ஜல்லி கொட்டியிருந்தார்கள். எதிரே ஒரு லாரி வந்தால் போதும், கல் சுண்டிவிட்டதுபோல் தெறிக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் அப்பா அதை நினைத்துச் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தபோது, அம்மா எழுந்துபோய் ஒரு சாக்கைக் கொண்டு வந்து அவிழ்த்தாள். ஓரம் கோணலாக விழுந்த பேண்டேஜ் சுருள்கள். விற்க ஆகாது என்று கம்பெனியில் ஒதுக்குவதை அங்கே வேலை செய்பவர்கள் எடுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டில் பால் வடிகட்டுவதில் இருந்து கொசுவலை ஒட்டுப்போடுவது வரைக்கும் அதுதான்.

"வண்டிக்குக் கட்டுப் போட்டுருவோம்ங்க" என்றாள்.

அவள் அன்று சுற்றிய அழகை நான் எப்படி எழுதுவேன்! முன்பக்கத் தகட்டின்மேல் பஞ்சைப் பரப்பி, அதன்மேல் துணியைப் பாதிக்குப் பாதி ஏற்றி ஏற்றி, ஒரு சுருக்கம் விழாமல், ஒரு இடம் தளராமல் கொண்டுபோனாள். அம்மாவின் விரல்களுக்கு அந்தத் துணி அடங்கிப் போகும். மட்கார்டு, இரண்டு பக்கமும் உப்பி நிற்கிற மூடிகள், எல்லாம் வெள்ளையாகிவிட்டன. விளக்கும் மீட்டரும் கைப்பிடியும் மட்டும்தான் வெளியே தெரிந்தன.

மறுநாள் காலையில் தெருவைத் தாண்டுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. முக்கு டீக்கடை மாமா கிளாஸைக் கீழே வைத்துவிட்டு ஓடியே வந்தார். "என்ன மாப்ள, புது வண்டிய ஷோரூம்ல இருந்து கூட்டியாரியா, பெரியாஸ்பத்திரியில இருந்து கூட்டியாரியா?" அதற்குள் இன்னொருவர், "எலும்பு எதுவும் முறியலையே?" என்று கேட்க, கடையே சிரித்தது. அப்பா கோபித்துக்கொள்ளவில்லை. "சிரிங்க மாமா, தாயாரைப் பாத்துட்டு வந்த பொறவு அவுத்துக் காட்டுதேன்" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார். நான் முன்னால் நின்றுகொண்டேன். அம்மா பின்னால் பூத்தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

பாதித் தூரம் போயிருப்போம். எங்களுக்கு முன்னால் ஒருவர் சைக்கிளில் வாழை இலைக் கட்டு ஏற்றிக்கொண்டு போனார். முன்சக்கரம் ஜல்லியில் வழுக்கி, சைக்கிளோடு சாய்ந்தார். ஓடிப்போய்த் தூக்கினால், முழங்காலுக்குக் கீழே கூர்ங்கல் கிழித்து ரத்தம் கொட்டுகிறது. அம்மா முந்தானையால் அழுத்திப் பிடித்தாள், ரத்தம் நிற்கவில்லை. அவள் தலையைத் திருப்பி ஸ்கூட்டரைப் பார்த்தாள். பிறகு அப்பாவைப் பார்த்தாள். எப்படிக் கேட்பாள்? அவர் ஐந்து நாளாக அந்த வண்டியைக் காத்த விதம் அவளுக்குத் தெரியாதா?

அவள் கேட்கும்வரைக்கும் அப்பா காத்திருக்கவில்லை. குனிந்து முன் தகட்டில் முடிச்சு எங்கே இருக்கிறது என்று தேடி, அவரே அவிழ்க்க ஆரம்பித்தார். தூசி படிந்த மேல்சுற்றைத் தள்ளிவிட்டு, உள்ளே இருந்த வெள்ளைத் துணியை முழம் முழமாக அம்மா கையில் கொடுத்தார். அடிபட்டவருக்குத்தான் மனசு கேட்கவில்லை.

"புது வண்டி போலருக்கே அண்ணாச்சி, எனக்குப் போயி எதுக்கு அவுக்கீய?"

"வண்டிக்கு வலிக்காதுல்லா? பேசாம காலை நீட்டும்" என்றார் அப்பா.

ஒரு சுற்று நனைய மறுசுற்று, அது நனைய இன்னொன்று. முன் தகட்டில் இருந்தது முழுவதும் அந்தக் காலுக்கே போய்விட்டது. வந்த டவுன் பஸ்ஸைக் கை காட்டி நிறுத்தி, ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிடும்படி கண்டக்டரிடம் சொல்லி அவரை ஏற்றிவிட்டோம். சைக்கிளையும் இலைக்கட்டையும் ஒரு புளியமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டுத்தான் அப்பா வண்டியை எடுத்தார்.

இரண்டு நிமிஷம்கூட ஆகியிருக்காது. எதிரே லாரி வந்தது. "டிங்" என்று ஒரு சத்தம், என் முழங்காலுக்கு நேரே கேட்டது.

அப்பா ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். மயில்கழுத்து நிறத்தின் நட்டநடுவில், ஓர் உளுந்து அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்து தகரம் தெரிந்தது. விரலால் தடவினார். ஆத்திரப்பட்டிருந்தால்கூட எனக்குப் பயம் இருந்திருக்காது. அவர் கண் கலங்கியதைத்தான் பார்க்க முடியவில்லை.

"திரும்பிருவோம் ஏட்டி. ஊனமானதை எப்படித் தாயார் முன்னாடி நிறுத்துறது?"

அம்மா பூத்தட்டை மடியில் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "அவிய சூடிக் கழட்டுன மாலையத்தானே பெருமாள் வேணும்னு கேட்டு வாங்கிக்கிட்டார்? அந்தக் கோயிலுக்குப் போறதுக்கா நீங்க இப்படி யோசிக்கீய? வண்டிய எடுங்க."

அப்பா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உதைத்துக் கிளப்பினார்.

கோயில் வாசலில் மிச்சக் கட்டுகளையும் அவிழ்த்தோம். பட்டர் மாலையும் குங்குமமும் கொண்டு வந்தபோது, அப்பா முன் தகட்டில் ஓர் இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டே நின்றார். "கையை எடுங்கோ, பொட்டு வைக்கணுமே" என்றார் பட்டர். அப்பா மெதுவாக எடுத்தார். தற்செயலோ, தாயார் செயலோ, பட்டரின் விரல் நேரே அந்த உளுந்தின்மேல்தான் குங்குமத்தை வைத்தது. என்னைக் கேட்டால் தாயார் செயல் என்றுதான் சொல்வேன்.

அதற்கப்புறம் அந்த இடத்துக்கு அப்பா பெயிண்ட் அடிக்கவே இல்லை. மில்லில் கேட்டால் அதே நிறம் கலந்து கொடுக்க ஆட்கள் இருந்தார்கள். வெள்ளிக்கிழமைதோறும் அப்பா ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவுவார், அம்மா அதன்மேல் குங்குமம் வைப்பாள். எண்ணெய் விட்டால் துருப் பிடிக்காது என்பது பிட்டரின் கணக்கு. பொட்டு வைத்தால் நல்லது என்பது அம்மாவின் கணக்கு. பதினெட்டு வருஷம் கழித்துப் பழைய இரும்புக்காரர் வண்டியை எடுத்துப் போனபோது, அடித்தகடும் ஓரங்களும் துருவேறி உதிர்ந்துகொண்டிருந்தன. அந்த உளுந்து மட்டும் சிவப்பாக, கெட்டியாக இருந்தது.

இப்போது அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. நான் வாக்கப்பட்டு வந்த கோயம்புத்தூரில் போன மாதம் என் மகன் புது பைக் வாங்கினான். கண்ணாடிபோல் ஒரு மெல்லிய ஸ்டிக்கரை வண்டி முழுக்க ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறான். கல் பட்டாலும் கீறல் விழாதாம். தொட்டுப் பார்த்தேன், ஒட்டியிருப்பதே தெரியவில்லை, நல்ல சாமான்தான். எங்கள் அப்பா பார்த்திருந்தால் எம்புட்டுச் சந்தோஷப்பட்டிருப்பார்!

"ஆனா ஒரு ஆத்திர அவசரத்துக்கு இதை உரிச்சு ஒருத்தர் காலுக்குக் கட்ட முடியுமாப்பா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் முடியாதும்மா" என்று சிரித்தான்.

சாயங்காலம் மருந்துக்கடைக்குப் போய் ஒரு பேண்டேஜ் சுருள் வாங்கி வந்து, அவன் வண்டி சீட்டுக்கு அடியில் வைத்தேன். வைக்குமுன் உறையைத் திருப்பிப் பார்த்தேன். இராஜபாளையம் என்று எங்கள் ஊர்ப் பெயர்தான் போட்டிருந்தது.